ஆறுமணிக் குருவியும் தாய்மாமன் தட்டும்

திங்கக்கிழமை காலையில ஒரே ஒரு வேலைதான். சிதம்பரம் போறோம், மச்சானுக்குப் பத்திரிக்கை வைக்கிறோம், கடலூர் திரும்பறோம்.

அவ்ளோதான்.

எங்க பொண்ணு திவ்யாவுக்கு வைகாசியில கல்யாணம். என் வீட்டுக்காரம்மா கலாவோட ஒரே அண்ணன் சிதம்பரத்துக்குப் பக்கத்துல அண்ணாமலை நகர்ல இருக்காரு. பொண்ணுக்குத் தாய்மாமன். முதல் பத்திரிக்கை அவருக்குத்தான் வைக்கணும். அவர் கையில ஒண்ணு போய்ச் சேராம மத்த கார்டு எதுவும் எங்க வாசப்படி தாண்டாது.

மனுஷன் மூணு மாசமா பெங்களூர்ல பையன் வீட்ல இருந்தாரு. அதுவரைக்கும் கார்டெல்லாம் கட்டுக்கட்டா எங்க பீரோ மேல தவம் கிடந்துச்சு. ஞாயித்துக்கிழமைதான் ஊர் வந்து சேர்ந்தாரு.

மச்சானைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். அவரோட சித்தப்பா பையன் கல்யாணத்துக்கு இவருக்குப் பத்திரிக்கை தபால்ல வந்துச்சு. நேர்ல வந்து வைக்கல. அவ்ளோதான். பதினோரு வருஷமா அந்தக் குடும்பத்தோட பேச்சு வார்த்தை இல்ல. சித்தப்பா சாவுக்குக்கூட போய் தெருவுல நின்னு மாலையை யார்கிட்டயோ குடுத்தனுப்பிட்டு வந்தவரு.

அப்பேர்ப்பட்டவர் இல்லாம திவ்யாவை மணவறைக்குக் கூட்டிட்டு வர ஆள் கிடையாது. காது குத்தினப்ப அவர் மடியில உக்காந்து கத்தின பொண்ணு. "மாமா வந்தாதான் நான் மேடை ஏறுவேன்"னு இப்பவே சொல்லிட்டு இருக்கா.

இதுல நேரம் வேற. திங்கக்கிழமை ஏழரையிலேருந்து ஒன்பது வரைக்கும் ராகு காலம். ஒன்பதுக்கு மேல வெக்கலாம்னா, பத்து மணிக்கு நான் செம்மங்குப்பத்துல டியூட்டியில நிக்கணும். அங்க ஒரு கெமிக்கல் கம்பெனியில ஸ்டோர்ஸ் பாத்துக்கறேன். அதனால ஏழரைக்குள்ள தட்டு மச்சான் கைக்குப் போயாகணும்.

"அஞ்சுக்குள்ள கிளம்பினா ஆறு மணிக்கு சிதம்பரம். அண்ணன் ஏழுக்கு முன்னாடி எழுந்துக்க மாட்டாரு"ன்னு கலா சொன்னா.

"நடுவுல ஒரு மணி நேரம் இன்னா பண்றது?"ன்னு அப்பாவியாட்டம் கேட்டேன்.

நடிப்புங்க. அந்த ஒரு மணி நேரத்தை எங்க செலவழிக்கிறதுன்னு ஞாயித்துக்கிழமை சாயங்காலமே முடிவு பண்ணிட்டேன்.

எனக்கு இப்ப பறவை பாக்கற பைத்தியம் புடிச்சிருக்கு. சுகர் ஜாஸ்தியா இருக்கு, நடங்கன்னு டாக்டர் சொன்னாரு. கடலூர் பார்க்ல நடக்கப் போனேன். அங்க ஒரு கோஷ்டி மரத்தை அண்ணாந்து பாத்துட்டு நின்னுச்சு. நானும் போய் நின்னேன். அன்னையிலேருந்து நடக்கறதே இல்ல. நிக்கறதோட சரி. சுகர் அப்படியேதான் இருக்கு.

பனிக்காலத்துக்கு நம்ம பக்கம் வந்த வடக்கத்திப் பறவையெல்லாம் பங்குனி, சித்திரையில மூட்டையைக் கட்டும். போற வழியில ஊருக்குள்ள இருக்கற பார்க்ல ஒரு நாள், ரெண்டு நாள் இறங்கி, புழு பூச்சி தின்னுட்டு மறுபடி பறக்கும். அப்பதான் புடிக்கணும். புடிக்கணும்னா பாக்கணும். விட்டா ஐப்பசி வரைக்கும் காத்திருக்கணும்.

அதுல ஆறுமணிக் குருவின்னு ஒண்ணு. காலையில ஆறு, சாயங்காலம் ஆறுன்னா ஒரு விசில் அடிக்கும். எங்க வாட்ஸப் குரூப்ல அதைப் பாக்காத ஒரே ஆள் நான்தான்.

குரூப்ல என் மரியாதையும் அப்படி இப்படித்தான். போன மாசம் புதர்ல மீன்கொத்தி உக்காந்திருக்குன்னு போட்டோ போட்டேன். காலேஜ் படிக்கற பொண்ணு ஒண்ணு அதைப் பெருசு பண்ணிப் பாத்துட்டு, "அங்கிள், அது நீல கலர் பால் கவர்"னு போட்டுச்சு. நாப்பது பேர் சிரிச்சாங்க. நானும் ஒரு சிரிப்பு பொம்மை போட்டேன். அழுதுட்டேதான் போட்டேன்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் குரூப்ல செய்தி. "அண்ணாமலை நகர் போற ரோட்டுல இருக்கற பார்க்ல ஆறுமணிக் குருவி. நாளைக்கும் இருந்தா உங்க அதிர்ஷ்டம்."

கடவுளே தட்டை எடுத்துக்கிட்டு வாடான்னு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு.

காலையில ஆறு அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப பார்க் வாசல்ல வண்டியை நிறுத்தினேன். கலா என்னை ஒரு பார்வை பாத்தா. இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணவளுக்குத் தெரியாதா?

"குருவியா?"

"பத்து நிமிஷம்தாம்மா."

"பாத்துத் தொலைங்க. இல்லன்னா அண்ணன் வீட்ல உக்காந்துகிட்டு ஜன்னலையே பாத்துட்டு இருப்பீங்க. நான் ஆட்டோ புடிச்சி மேலவீதி போய் பூ வாங்கியாறேன்."

இறங்கறதுக்கு முன்னாடி தட்டை என் கையில குடுத்தா. எங்க காருக்கு ஒரு கண்ணாடி ஏறாது. வண்டியில எதையும் வெச்சுட்டுப் போக முடியாது. பெரிய எவர்சில்வர் தட்டு. வெத்தலை, பாக்கு, ரெண்டு சீப்பு வாழைப்பழம், தேங்காய், பண்ருட்டி முந்திரி ஒரு பாக்கெட், மச்சானுக்குப் பட்டு வேட்டி. மேல நாலு மூலையிலும் மஞ்சள் தடவின பத்திரிக்கை. கவர்ல பேர் எழுதல. அண்ணன் எதிர்லயே எழுதினாதான் மரியாதைன்னு கலாவோட கணக்கு.

"தரையில வெச்சுடாதீங்க"ன்னு சொல்லிட்டு ஆட்டோ ஏறிட்டா.

உள்ள போனேன். என் கோலத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. கரை வேட்டி, நெத்தியில சந்தனம், கழுத்துல பைனாகுலர், ரெண்டு கையிலயும் கல்யாணத் தட்டு. வாக்கிங் போனவங்க ஒதுங்கி வழி விட்டாங்க. ஒரு அம்மா செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டாங்க.

சரியா ஆறு அஞ்சுக்கு விசில் சத்தம்!

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. செடி வேலிக்கு அடியில, காஞ்ச சருகுல ஏதோ தத்துது. அப்படியே குந்தினேன். வேட்டி முள்ளுல மாட்டுச்சு. பரவால்ல. பைனாகுலரை எடுக்கணும். கை ரெண்டும் தட்டுல இருக்கு. தட்டைத் தரையில வெக்கக் கூடாது. தலையில வெச்சுப் பாத்தேன். தேங்காய் உருண்டு என் முதுகுல விழுந்துச்சு.

தேங்காயை எடுத்து மறுபடி தட்டுல வெச்சு நிமிர்ந்தா, பக்கத்துல ஒருத்தர் நிக்கறாரு. சித்திரை மாசத்துல மங்கி கேப். கழுத்துல விசில். மைக் இல்லாம பொதுக்கூட்டம் நடத்தற குரல்.

"என்ன சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"சார், சார், கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"ஏன், யாராவது தூங்கறாங்களா?"

"பறவை சார். அந்தச் செடிக்கு அடியில."

அவர் செடியைப் பாக்கல. தட்டைப் பாத்தாரு.

"விசேஷமா?"

"பொண்ணுக்குக் கல்யாணம் சார்."

"அடடடே!"

அந்த 'அடடடே'யில சருகு அசங்கறது நின்னுடுச்சு. ரெண்டு நிமிஷம் மூச்சு விடாம இருந்தேன். மறுபடி தத்துச்சு. நாலடி தள்ளி வெளிச்சத்துக்கு வரப்போகுது. எனக்கு வேற எதுவும் தோணல. தட்டை ரெண்டு கையாலயும் தூக்கி அவர்கிட்ட நீட்டினேன்.

"சார், இதைக் கொஞ்சம் பிடிங்க."

இப்ப யோசிச்சா புரியுது. நம்ம ஊர்ல கரை வேட்டி கட்டின ஒருத்தன் வெத்தலை, பாக்கு, பழம், பத்திரிக்கையோட ஒரு தட்டை ரெண்டு கையால நீட்டினா அதுக்கு ஒரே அர்த்தம்தான். வாயில என்ன சொன்னாலும் அதே அர்த்தம்தான்.

அவர் மங்கி கேப்பைக் கழட்டினாரு. கிழக்கே பாத்து நின்னாரு. ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

"ரொம்ப சந்தோஷம் சார். கண்டிப்பா வந்துடறோம்."

"ம்"னேன். பைனாகுலர் அதுக்குள்ள கண்ணுக்குப் போயிடுச்சு.

"குடும்பத்தோட வரலாமா?"

"ம்."

"நம்ம வாக்கிங் குரூப் முழுசா?"

"ம்ம்."

அந்த நேரத்துல என் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டிருந்தாலும் 'ம்'னுதான் சொல்லியிருப்பேன். ஏன்னா குருவி வெளிய வந்துடுச்சு!

மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது. வால்னு சொல்லிக்க ஒண்ணும் இல்ல. முதுகு பச்சை, றெக்கையில நீலம், கண்ணுக்கு மை தீட்டின மாதிரி கறுப்புப் பட்டை, வாலுக்கு அடியில குங்குமச் சிவப்பு. ஒரு புழுவைப் புடிச்சி இழுத்துச்சு, முழுங்குச்சு, தலையைத் தூக்கி ஒரு விசில் அடிச்சுச்சு. இத்தனை கலரையும் சுமந்துகிட்டு இமயமலை அடிவாரம் வரைக்கும் போகப்போகுது. நடுவுல நம்ம ஊர் பார்க்ல காலை டிபன். சத்தியமா சொல்றேன், கண்ணு கலங்கிடுச்சு.

போட்டோ எடுக்கணும்னு தோணினப்பதான் போன் கலாவோட ஹேண்ட்பேக்ல இருக்குன்னு ஞாபகம் வந்துச்சு. சரி, கண்ணாலயாவது பாப்போம்னு அப்படியே இருந்தேன். அது வேலி ஓரமா தத்தித் தத்திப் போச்சு. நானும் குந்தினபடியே பின்னாடி போனேன். எவ்ளோ நேரம்னு தெரியல. பின்னாடி யாரோ சத்தமா எதையோ வாசிக்கறது கேட்டுச்சு. "பெரியோர்கள் நிச்சயித்தபடி"ன்னு காதுல விழுந்துச்சு. ரேடியோன்னு நினைச்சேன்.

குருவி ஒரு எம்பு எம்பி மரத்துக்குள்ள மறைஞ்சுது. திரும்பிப் பாத்தேன்.

பதினஞ்சு பேர் வட்டமா நிக்கறாங்க. எல்லார் கையிலயும் வாழைப்பழத் தோல். முந்திரி பாக்கெட் கைமாறிப் போயிட்டு இருக்கு. தொப்பி போட்ட ஒரு பாய், "மாஷா அல்லா, பண்ருட்டி பருப்புன்னா பண்ருட்டி பருப்புதான்!"னு என்னைப் பாத்துத் தலையாட்டினாரு. மங்கி கேப் காரர் தோள்ல மச்சானோட பட்டு வேட்டி. ஒரு பென்ச் மேல பத்திரிக்கையை வெச்சு கவர்ல எழுதிட்டு இருக்காரு.

"பேர் எழுத மறந்துட்டீங்க சார். பரவால்ல, நானே எழுதிக்கிட்டேன்."

எட்டிப் பாத்தேன். 'திரு. குஞ்சிதபாதம், தலைவர், காலை நடை நண்பர்கள் குழு மற்றும் உறுப்பினர்கள்.'

பத்திரிக்கையை எப்படி வைக்கணும்னு நம்ம வீட்ல சின்ன வயசுலேருந்து சொல்லிக் குடுக்கறாங்க. வெச்ச பத்திரிக்கையைத் திருப்பிக் கேக்கறது எப்படின்னு யாரும் சொல்லிக் குடுக்கல.

அப்ப கலா வந்தா. பூக்கடை திறக்கவே ஏழாயிடுச்சாம். கையில ரெண்டு முழம் மல்லி. தட்டைப் பாத்தா, வேட்டியைப் பாத்தா, தோலைப் பாத்தா. கடைசியில என்னைப் பாத்தா.

"குருவி பாத்தீங்களா?"ன்னு ரொம்ப மெதுவா கேட்டா.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். அதுக்கு அப்புறம் பாத்திரம் உருளும்.

"கலா, நான் புடிக்கச் சொன்னேன், அவர் வாங்கிட்டாரு…"

"அது அண்ணன் தட்டுங்க!"

குஞ்சிதபாதம் சார் முகம் வெளுத்துப் போச்சு. "தாய்மாமன் தட்டாம்மா? ஐயையோ! நான் ஒரு மடையன், பழத்தை வேற பிரிச்சுக் குடுத்துட்டேனே!"ன்னு வேட்டியை அவசர அவசரமா மடிச்சாரு. நல்ல மனுஷன். அவர் வேட்டியை மடிக்கறதுக்கும், பார்க் கேட்ல ஒருத்தர் நுழையறதுக்கும் சரியா இருந்துச்சு.

அரை டவுசர், புது ஷூ. மச்சான்!

ஏழுக்கு முன்னாடி எழுந்துக்க மாட்டாருன்னு கலா சொன்ன மனுஷன். விஷயம் என்னன்னா, இந்த வாக்கிங் குரூப்புக்கு மூணு மாசம் முன்னாடி வரைக்கும் தலைவரே எங்க மச்சான்தானாம். அவர் பெங்களூர் போன நேரத்துல கூட்டம் போட்டு குஞ்சிதபாதத்தைத் தலைவராக்கிட்டாங்க. அதைக் கேக்கறதுக்காகவே காலங்காத்தால கொதிச்சுக்கிட்டு வந்திருக்காரு.

வந்தவர் பாத்தது என்ன? அவர் நாற்காலியைப் புடிச்ச ஆள் கையில அவரோட பட்டு வேட்டி. பென்ச் மேல அவர் மருமகளோட முதல் பத்திரிக்கை. அதுல எதிரியோட பேர்.

மச்சான் கத்தல. கத்தியிருந்தா பரவால்ல. கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு.

"வாங்க மாப்ள. கல்யாண வேலையெல்லாம் நல்லபடியா நடக்குதா?"

திவ்யா முகம் கண்ணு முன்னாடி வந்துச்சு. மணவறைப் பக்கம் போகாம, மாமா வரலையான்னு வாசலையே பாத்துட்டு நிக்கற மாதிரி. பயந்துட்டேங்க. நிஜமாவே பயந்துட்டேன். ஒரு குருவிக்காக என் பொண்ணு கல்யாணத்துல கை வெச்சுட்டேனேன்னு என் மேலயே வெறுப்பா இருந்துச்சு.

"மச்சான், தப்பு என்மேலதான். பறவை பாக்கறதுக்காக அவரைப் புடிக்கச் சொன்னேன். அவர்மேல தப்பில்ல. நீங்க இல்லாம எங்களுக்கு இந்தக் கல்யாணம் இல்ல மச்சான்."

"முதல் பத்திரிக்கை போயிடுச்சு போல. ரெண்டாவதைத் தபால்ல போட்டுடுங்க."

தபால்னு சொன்னதுமே கலா அழ ஆரம்பிச்சுட்டா. அழுதுட்டே வாட்சைப் பாத்தா.

"அண்ணே, மணி ஏழு இருபத்தி மூணு."

மச்சான் சடக்குனு தன் வாட்சைப் பாத்தாரு. அங்கதான் அவர் மாட்டினாரு. கோவம் ஒரு பக்கம். ராகு காலம் ஒரு பக்கம். வாங்க மாட்டேன்னு நிக்கலாம். ஆனா மருமக பத்திரிக்கையை ஏழரைக்கு மேல வாங்கினாருன்னு ஒரு பேச்சு வந்தா? அவர் முகத்துல ரெண்டும் சண்டை போடறது எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுது.

"தட்டுல பழம் இல்லையே"ன்னாரு.

அவ்ளோதான்! பதினஞ்சு பேரும் ஓடினாங்க. பாய் தன் பையிலேருந்து ஒரு டப்பாவை எடுத்து, "பேரீச்சம்பழமும் பழம்தானே மாமா, சவுதியிலேருந்து மவன் அனுப்பினது"ன்னு தட்டுல கொட்டினாரு. கும்பிட்ட அம்மா ஒரு வெள்ளரிக்காயை வெச்சாங்க. குஞ்சிதபாதம் சார் பத்திரிக்கையைக் கவர்லேருந்து உருவினாரு.

"கவர்லதான் எழுதினேன், கார்டு சுத்தமா இருக்கு"ன்னு கார்டைத் தட்டுல வெச்சுட்டு, கவரை மடிச்சு சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. "இது என்னோடது. நான் எப்படியும் வந்துடுவேன்."

ஏழு இருபத்தியாறு. கலா மல்லியைத் தட்டுல வெச்சா. மச்சான் ஷூவைக் கழட்டக் குனிஞ்சாரு. புது ஷூ. கயிறு முடிச்சு விழுந்துடுச்சு. இழுக்கறாரு, இன்னும் இறுகுது.

"மணி இருபத்தியெட்டு!"ன்னு கூட்டத்துலேருந்து யாரோ கத்தினாங்க.

குஞ்சிதபாதம் சார் சட்டுனு மண்டி போட்டு உக்காந்து, மச்சான் காலைப் புடிச்சி, முடிச்சைப் பல்லால கடிச்சு அவுத்தாரு. மச்சான் அவர் தலையையே பாத்துட்டு நின்னாரு.

ஏழு இருபத்தொன்பதுக்கு, அரை டவுசரோட, வெறுங்காலோட, புல்லுல கிழக்கே பாத்து நின்னு தட்டை வாங்கிக்கிட்டாரு. கூட்டமே கை தட்டுச்சு.

"மச்சான், நான் பண்ணது…"ன்னு ஆரம்பிச்சேன்.

கையைக் காட்டி நிறுத்தினாரு.

"மாப்ள, இப்ப ராகு காலம். எதையும் ஆரம்பிக்கக் கூடாது. வீட்டுக்கு வாங்க. ஒன்பது மணிக்கு மேல பேசிக்கலாம்."

"பத்து மணிக்கு டியூட்டி இருக்கு மச்சான், இப்படியே கிளம்பினா…"

"ராகு காலத்துல வெளியூர் கிளம்புவாங்களா மாப்ள?"

போனோம். ஒன்றரை மணி நேரம். அவ்ளோ மரியாதையான ஒன்றரை மணி நேரத்தை நான் வாழ்க்கையில பாத்ததில்ல. ஃபேனை என் பக்கம் திருப்பி வெச்சாங்க. இட்லி, வடகறி, கேசரி. சுகர்னு சொன்னா கேசரியை எடுத்துட்டுப் பொங்கல் வெச்சாங்க.

"சாப்டுங்க மாப்ள. இன்னும் ரெண்டு வெச்சுக்குங்க. தெம்பு வேணும்ல"ன்னு மச்சானே பரிமாறினாரு.

மனசைத் தேத்திக்கலாம்னு கலாகிட்டேருந்து போனை வாங்கி, 'ஆறுமணிக் குருவி பாத்துட்டேன்!'னு குரூப்ல போட்டேன். அந்தப் பொண்ணு உடனே பதில் போட்டுச்சு. "போட்டோ இருக்கா அங்கிள்? இல்ல இதுவும் கவரா?"

கம்பெனிக்கு லீவு சொன்னேன்.

சுவர்க் கடிகாரம் ஒன்பது அடிச்சுது. மச்சான் காபி டம்ளரைக் கீழ வெச்சாரு. மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டாரு. நாற்காலியை எனக்கு நேரா இழுத்துப் போட்டு உக்காந்து, தொண்டையைச் செருமினாரு.

"இப்ப சொல்லுங்க மாப்ள."

நல்ல நேரத்துல ஆரம்பிச்ச காரியம்ங்கறதால, நடுவுல எமகண்டம் வந்தும் நிக்காம மத்தியானம் பன்னெண்டு வரைக்கும் ஜோரா நடந்துச்சு.